இழுக்கும் வண்டியும் நிறுத்தும் வண்டியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாதைகளிற் கோடைக்காலத்தே பிரயாணம் செய்வோர் தவறாது காணும் காட்சி ஒன்றுண்டு. முன்னே களிறு போல் உயர்ந்து நிமிர்ந்ததொரு பிக்கப் டிரக்; அதன் பின்னே சிறு வீடொன்றே சக்கரத்தின்மேல் ஏறி வந்தாற் போன்றதொரு டிரெயிலர். சிலவற்றில் வீட்டிற்குப் பதிலாகக் குதிரைகள் நிற்கும். சிலவற்றிற் படகு இருக்கும். சிலவற்றில் வைக்கோற் கட்டுகளோ மண் தோண்டும் இயந்திரமோ ஏறியிருக்கும். அந்நாட்டாருடைய உழவும் தொழிலும் விளையாட்டும் ஓய்வும் பெரும்பகுதி இவ்வண்டிகளின் பின்கொக்கியிற் பூட்டப்பட்டே நடைபெறுகின்றன என்று சொல்லலாம்.

இவ்வண்டிகளைப் பற்றி அந்நாட்டில் இருவகை அபிப்பிராயம் வழங்குகின்றது. ஒருசாரார் இவற்றை வீண் ஆடம்பரம் என்று இகழ்வர். மற்றொரு சாரார் எத்துணைப் பெரிதோ அத்துணை நன்று என்பர். யான் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தவனல்லேன். பாரம் இழுப்பதற்கென்று இவ்வண்டியை வாங்குவோன் பல வேளைகளில் தனக்கு வேண்டியதினுஞ் சிறியதையே வாங்குகின்றான் என்பதும், பாரமே இழுக்காதவன் தனக்கு வேண்டாத பெரியதை வாங்குகின்றான் என்பதும், இவ்விரு பிழைக்குங் காரணம் ஒன்றே என்பதும் என் துணிபு. அக்காரணம் யாதெனின், வண்டியை அது தாங்கி நிறுத்த வேண்டிய பாரத்தைக் கொண்டு அளவாமல், விளம்பரத்திற் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒற்றை எண்ணைக் கொண்டு அளத்தலே.

இதனை வாசிக்கும் மாணவ அன்பர், "அமெரிக்கர் வண்டி வாங்குவதில் நமக்கென்ன?" என்று வினவலாம். நம் பழைய மாணவருட் பலர் இன்று அந்நாட்டிற் குடியிருக்கின்றனர். இவ்விதழ் அவர் கையை அடையும்போது அவருட் சிலர் இத்தகைய வண்டியொன்றின் விலையை விசாரித்துக் கொண்டிருத்தலும் கூடும். அவர்க்கேனும் இக்கட்டுரை பயன்படுமென்று நம்புகின்றேன். பௌதிகம் பயிலும் மாணவர்க்கோ, பாரமும் அச்சும் சரிவும் எந்நாட்டிலும் ஒன்றே.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். 1925-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டின் கம்பெனியார் தம் புகழ்பெற்ற 'டி' மாடல் வண்டியின் பின்புறத்திற் சிறு பெட்டியொன்றை அமைத்து 281 டாலர் விலைக்கு விற்றனர். அதன் எஞ்சின் 20 குதிரைச்சக்தி உடையது. 1948-இல் அக்கம்பெனியாரின் 'எப்' வரிசை தோன்றியது. 1977 முதல் பல்லாண்டுகள் இடையறாது அந்நாட்டில் மிகுதியாக விற்ற டிரக் அவ்வரிசையே. 1989-ஆம் ஆண்டு மாடலாக டாட்ஜ் கம்பெனியார் தம் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்தியபோது அது 160 குதிரைச்சக்தி உடையதாயிருந்தது. அதுவே அக்காலத்திற் பெரிதாகப் பேசப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மாடலில் போர்டு கம்பெனியாரின் கனரக வண்டியோ 500 குதிரைச்சக்தி உடைய டீசல் எஞ்சினோடு வந்தது. தக்க அமைப்போடு கூடியது 40,000 ராத்தல், அஃதாவது ஏறக்குறைய 18 டன், இழுக்குமென்று விளம்பரம் செய்யப்பட்டது. நாலைந்து யானைகளின் பாரத்தை ஒரு மனிதன் சாதாரண லைசென்ஸோடு பல ராஜ்யங்களில் இழுத்துச் செல்லலாம் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பும் சிறிது அச்சமும் உண்டாகின்றன.

இவ்விழுவை எண் எங்ஙனம் பிறந்தது? நெடுங்காலம் ஒவ்வொரு கம்பெனியாரும் தத்தம் முறைப்படியே அதனைக் கணித்து வந்தனர். 2008-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தார் 'ஜே 2807' என்னும் பொது விதியை வகுத்தனர். முதன்முதல் அதனை மேற்கொண்டவர் ஜப்பானியராகிய டொயோட்டா கம்பெனியார். டெட்ராயிட் நகரத்துப் பெருங் கம்பெனியார் முற்றிலும் ஏற்பதற்கு மேலுஞ் சில ஆண்டுகள் சென்றன. அவ்விதியின்படி, அரிஸோனா ராஜ்யத்தில் டேவிஸ் அணைக்கட்டின் அருகே தொடங்கும் மலையேற்றத்தில், ஏறக்குறைய 11 மைல் தூரம், கடுங் கோடை வெப்பத்தில், குளிர்காற்றுக் கருவியை முழுதும் ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி ஏறுதல் வேண்டும். பின்னச்சில் இரட்டைச் சக்கரம் உடையனவற்றிற்கு 35 மைல் போதும். அசைவு, நிறுத்தல் ஆகியவற்றிற்குஞ் சோதனைகள் உண்டு. இது நேர்மையான விதியே. இதனைக் குறைகூற என்னால் இயலாது. ஆயினும் அச்சோதனையில் வண்டிக்குள் இருப்போர் இருவர். ஒவ்வொருவர்க்கும் 150 ராத்தல் எடை என்பது கணக்கு. மனைவி மக்களோடும், நாயோடும், விறகோடும், மின்சாரம் ஆக்கும் இயந்திரத்தோடும் காட்டுக்குச் செல்லும் குடும்பத்தானை அவ்விதி அறியாது.

அவனை அறிந்தது வேறொரு சீட்டு. ஓட்டுபவன் கதவைத் திறந்தால் நிலையிலே ஒட்டப்பட்டிருக்கும் அச்சிறு சீட்டில், வண்டியில் ஏறும் மக்களும் பொருள்களுஞ் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேற்படலாகாது என்று எழுதியிருக்கும். அவ்வெண் அந்த மாடலுக்குப் பொதுவானதன்று. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கே உரியது. கண்ணாடி மேற்கூரையும் தோலிருக்கையும் மின்விசையால் நீளும் மிதிபலகையும் சேரச் சேர அவ்வெண் குறைந்துகொண்டே வரும். விற்பனைக் கூடத்தில் இழுவை எண்ணைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோர் இச்சீட்டைப் பற்றி வாய் திறவார். வாங்க வந்தோனும் கேளான்.

டிரெயிலரைப் பின்னே இழுப்பதற்கும் வண்டிக்குள் ஏறும் பாரத்திற்கும் யாது தொடர்பு எனின், நம் நாட்டு மாட்டுவண்டியை நினைத்துக் கொள்க. இருசக்கர வண்டியிற் பாரம் ஏற்றுவோன் முன்பாரம் பின்பாரம் பார்த்தே ஏற்றுவான். பின்பாரம் மிகின் நுகத்தடி மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகின் மாடு தலையெடுக்க மாட்டாது. டிரெயிலரும் அத்தகையதே. அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்னே இழுக்கும் வண்டியின் கொக்கியை அழுத்துதல் வேண்டும். அதனிற் குறையின் டிரெயிலர் பாம்பு போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. அவ்வழுத்தம் முழுதும் கதவுச் சீட்டின் கணக்கிலே சேரும். அன்றியும், கொக்கி பின்னச்சுக்கு நெடுந்தூரம் பின்னே இருத்தலின், அங்கே அழுத்தும் பாரம் முன்சக்கரங்களைச் சிறிது தூக்கிவிடும். திசைதிருப்புவது முன்சக்கரம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இருப்புச் சட்டங்களோடு கூடிய கொக்கி உண்டு. மிகப் பெரிய டிரெயிலர்களுக்கோ, 'ஐந்தாஞ் சக்கரம்' எனப்படும் பூட்டினை டிரக்கின் பெட்டிக்குள்ளே பின்னச்சின் நேர்மேலே அமைப்பர். அவற்றில் முன் அழுத்தம் இருபது பங்குக்கும் மேற்செல்லுதல் உண்டு.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இதனை யான் கற்பனையாய் அமைக்கவில்லை. கொலராடோ ராஜ்யத்தில் டென்வர் நகரை அடுத்த ஊரொன்றில் எனக்கு அயல்வீட்டுக்காரராயிருந்த ஒரு முதியவர், பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், தம் கைப்பட எழுதிக் காட்டிய கணக்கு இது. அவர் வாங்கியது 'அரை டன்' என்னும் வகுப்பைச் சேர்ந்த பிக்கப். (இப்பெயர் பழைய நாளில் அவ்வகை வண்டி சுமந்த பாரத்தால் வந்தது, இன்று அதற்கு மேலுஞ் சுமக்கும். பெயர் மட்டும் நின்றுவிட்டது.) விளம்பரத்தில் அதன் இழுவை எண் 11,000 ராத்தல். டிரெயிலரோ பத்திரத்தின்படி காலியாய் 6,000 ராத்தல். "இதனைப் போல் ஒன்றரை மடங்கும் இழுக்கும்" என்று விற்றவன் தோளைத் தட்டி அனுப்பினான். கலன் ஒன்றுக்கு எட்டு ராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள தண்ணீரும், எரிவாயு உருளையும், பாட்டரியும், படுக்கையும், பாத்திரமும், உணவுப் பொருளும் ஏற்றிய பின் அந்த டிரெயிலர் 7,500 ராத்தல் ஆயிற்று. அதன் முன் அழுத்தம் 975 ராத்தல்; கொக்கி 80; அவரும் மனைவியாரும் மகளும் பேரனுமாக நால்வர் 620; விறகும் இயந்திரமும் 150; நாய் 60. மொத்தம் 1,885. கதவுச் சீட்டில் எழுதியிருந்ததோ 1,500. இழுவை எண்ணை எட்டுவதற்கு இன்னும் 3,500 ராத்தல் மீதியிருக்க, வண்டி தாங்கற்குரிய எல்லையை 385 ராத்தல் கடந்துவிட்டது! வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியச்சு ஒன்றைப் பற்றிப் பேசியிருத்தலை நம் மாணவர் அறிவர். அவ்வாசிரியர்க்கு அதனை யான் பின்னர் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அது கதவுச் சீட்டில் அச்சிட வேண்டியது" என்றார்.

ஆனால் இக்கணக்கை அவர் எழுதியது பின்னரே. முன்னர் நிகழ்ந்ததைச் சொல்லுதல் வேண்டும்.

முதற் பிரயாணத்தில் என்னையும் உடனழைத்தார். மகளும் பேரனும் அன்று வரவில்லை. அவர்கள் இடத்தில் யான் இருந்தேன். டென்வரிலிருந்து மேற்கே செல்லும் பெரும்பாதை ஐஸனோவர் சுரங்கவழியை அடையுமிடம் கடல்மட்டத்திற்கு மேல் 11,000 அடிக்கு உயர்ந்தது. அதுவரையில் வண்டி ஏறிய அழகைக் கண்டு அவர் பெருமிதங் கொண்டார், யானும் வியந்தேன். சுரங்கத்தைக் கடந்து மறுபுறம் சில்வர்தார்ன் என்னும் ஊரை நோக்கிப் பாதை ஏறக்குறைய 8 மைல் இறங்குகின்றது. சரிவு நூற்றுக்கு ஏழு. பிரேக்குத் தளர்ந்த லாரிகள் ஓடி ஏறிப் புதைந்து நிற்பதற்கென்று தளர்ந்த சரளை நிரப்பிய ஏற்றப்பாதைகள் அங்கே ஓரத்தில் அமைத்திருக்கின்றனர். முதலாவது ஏற்றப்பாதையைக் கண்டபோது அதன் பயன் யாதென யான் வினவினேன். அவர் விடையிறுக்கவில்லை. அவர் கால் பிரேக்கை விட்டு எழாமையை அப்போதுதான் கண்டேன். சிறிது நேரத்தில் இரும்பும் ரப்பரும் தீய்ந்தாற் போன்றதொரு நாற்றம் உள்ளே புகுந்தது. அந்நிலையிற் பெருலாரியொன்று எம்மைக் கடந்து விரைந்தது. அதன் காற்று மோதியதும் டிரெயிலர் ஒருமுறை வலப்புறம் விலகிற்று, பின் இடப்புறம், பின் மீண்டும் வலப்புறம், முன்னினும் மிகுதியாக. கண்ணாடியில் எம்முடைய வீடே எம்மை முந்த வருவதைக் கண்டோம்.

ஓட்டுபவன் முழங்காலருகே டிரெயிலரின் பிரேக்கை மட்டுந் தனியே இயக்குஞ் சிறு நெம்பொன்று உண்டு. ஆடும் டிரெயிலரை நேராக்க வல்லது அதுவே. வேகத்தைக் கூட்டலும் தவறு, காலால் அழுத்தி மிதித்தலும் தவறு. அம்முதியவர்க்கு அது நினைவு வந்தமையால் இக்கட்டுரையை எழுத யான் இருக்கின்றேன். சில்வர்தார்னிற் பாதையோரத்தே நிறுத்தியபோது சக்கரங்களினின்று புகை எழுந்துகொண்டிருந்தது. அவர் மனைவியார் இறங்கிப் புல்மேல் அமர்ந்து, அரைமணி நேரம் ஒரு சொல்லும் பேசாதிருந்தார். பின்னர் லாரிகள் தங்குமிடமொன்றில் எடைமேடையின்மேல் வண்டியை ஏற்றி, முன்னச்சு, பின்னச்சு, டிரெயிலரின் அச்சுகள் என்று தனித்தனியே நிறுத்துச் சீட்டு வாங்கினோம். அன்றிரவு அவர் அச்சீட்டை முன்வைத்து, மறுமுறை மகளும் பேரனும் வரின் என்னாகும் என்று பார்த்து எழுதியதே மேலே கண்ட கணக்கு.

அச்சரிவில் நிகழ்ந்ததைப் பௌதிக முறையால் ஆராய்தல் தகும். டிரக்கும் டிரெயிலருமாக ஏறக்குறைய 14,000 ராத்தல். நூற்றுக்கு ஏழு சரிவில் அப்பாரம் தன்னைத்தானே கீழ்நோக்கி 980 ராத்தல் விசையோடு தள்ளுகின்றது. மணிக்கு 45 மைல் வேகத்தில் அஃது 117 குதிரைச்சக்திக்குச் சமம். காற்றும் சக்கரத்தின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக் கொள்ளும். எஞ்சியதை யாரேனும் விழுங்கியாக வேண்டும். எஞ்சினைத் தாழ்ந்த கியரில் இட்டால் எஞ்சின் விழுங்கும். இன்றேல் பிரேக்குகள் அதனை வெப்பமாக்கி விழுங்கும்; சில நிமிஷங்களில் அவற்றின் வயிறு நிறைந்துவிடும்; பின்னர் மிதித்தும் பயனில்லை. டீசல் டிரக்குகளில் புகைபோக்கும் வழியை அடைத்து எஞ்சினையே பிரேக்காக்கும் உபாயம் ஒன்றுண்டு. கனரக வண்டிகளின் பெருமை அவற்றின் முறுக்குவிசையில் இருக்கின்றது என்று எண்ணுவோர் பலர். என் கருத்தில் அப்பெருமை இவ்வுபாயத்திலும், அகன்ற பிரேக்குத் தட்டுகளிலும், தடித்த அச்சிலும், நீண்ட சட்டத்திலுமே இருக்கின்றது. மலையேற்றத்தில் வலிமை குறைந்த வண்டி மெல்ல ஏறும், பின்னே வருவோர் சலித்துக் கொள்வர், அவ்வளவே. இறக்கத்தில் வலிமை குறைந்த வண்டிக்கு மெல்ல இறங்குதல் கைகூடாது.

ஆதலால், கனமான டிரெயிலரை அடிக்கடி இழுப்போன் பெரிய டிரக்கு வைத்திருத்தலை ஆடம்பரமென்று இகழ்வது அறியாமை. நான்கு குதிரைகளை மலைநாட்டினூடே கொண்டு செல்பவனையும், ஆண்டிற் பாதி நாள் டிரெயிலரிலேயே வாழ்பவனையும், மண் தோண்டும் இயந்திரத்தை வேலைத்தலத்திற்கு இழுப்பவனையும் நோக்கிச் 'சிறிய வண்டி வாங்கலாகாதோ?' என்று கேட்பது, உழவனை நோக்கி 'ஏன் இரண்டு மாடு?' என்பது போன்றது. அவர்க்குப் பெரிது பெருமையன்று, பிழைக்கும் வழி.

பெரிது வாங்குவோரும் எண்ணிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். 'முக்கால் டன்' வகுப்பில் டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், உயர்ந்த அலங்காரம் எல்லாம் கூடிய வண்டிகள் பலவற்றின் கதவுச் சீட்டில் 2,000 ராத்தலுக்கு அண்மையான எண்ணையே காண்கின்றோம். அத்துணைப் பெரிய வண்டிக்கு இத்துணைச் சிறிய எண்ணா என்று திகைப்போர் பலர். வண்டியின் மொத்த எடைவரம்பைப் பதிவுச் சட்டங்களின் பொருட்டு 10,000 ராத்தல் அளவில் நிறுத்தியிருப்பர். டீசல் எஞ்சினோ பெருங்கனம். அதன் கனமெல்லாம் சுமக்கும் அளவிலிருந்தே கழிக்கப்படும். அவ்வண்டியில் ஐந்தாஞ் சக்கரத்துப் பெரு டிரெயிலரைப் பூட்டுவோன் மேலே கண்ட ஆசிரியர் செய்த பிழையையே இரு மடங்கு விலை கொடுத்துச் செய்கின்றான். இரட்டைப் பின்சக்கரம் உடைய 'ஒரு டன்' வண்டிக்குச் சென்றாலன்றி அவனுக்கு உய்தியில்லை. அல்லது, சிறிய டிரெயிலர் வாங்குதல் வேண்டும். வண்டியைப் பெருக்குதலே எப்போதும் விடையென்று யாரும் எண்ணற்க.

இனி, பாரம் இழுக்காமலே இவ்வண்டி வைத்திருப்போர். இவர் தொகை சிறிதன்று. வண்டி வாங்குவோரை வினவி ஆராயும் ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்னும் நிலையத்தாரின் கணக்கொன்று 2019-இல் வெளிவந்தது. டிரக் உடையாரில் நூற்றுக்கு எழுபத்தைவர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினுங் குறைவாகவோதான் ஏதேனும் இழுக்கின்றனர் என்பது அதன் முடிபு. "என்றேனும் ஒருநாள் படகு வாங்குவேன்" என்பதற்காக இன்றே யானை கட்டித் தீனி போடுவோர் இவர். தம் பணத்தைத் தாம் செலவிடுவதை நாம் தடுக்க இயலாது. ஆயினும் அச்செலவின் ஒரு பகுதியைத் தெருவில் நடப்போரும் கொடுக்கின்றனர். எஞ்சினை மூடும் முன்தகடு தரையினின்று 40 அங்குலத்திற்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமும் அதற்குத் தாழ்ந்தும் சரிந்தும் உள்ளவற்றை நோக்க, மோதிய பாதசாரிகளைக் கொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு மிகுதி என்று அந்நாட்டு நெடும்பாதைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் நிலையத்தார் 2023-இல் வெளியிட்டனர். 2009-இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-இல் 7,500-க்கும் மேற்பட்டோர். இதற்குக் காரணங்கள் பல. உயர்ந்த வண்டிகள் அவற்றுள் ஒன்று. பாரம் இழுப்போன் வண்டியும் உயர்ந்ததே எனின், உண்மை. ஆனால் அவனுக்கு அவ்வுயரத்தைச் சகித்தற்கு ஒரு காரணம் உண்டு. காய்கறி வாங்கச் செல்பவனுக்கு யாது காரணம்?

அவனுக்கு இவ்வண்டி நன்மையும் செய்வதில்லை. டீசல் எஞ்சினின் கரிப்புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, எஞ்சின் நெடுநேரம் சூடாக ஓடினால் தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். நாள்தோறும் இரண்டு மைல் சென்று திரும்பும் வண்டியில் அஃது அடைத்துக் கொள்ளும். பழுது பார்ப்போர்க்கு வருமானம். நான்கு கதவும் எட்டடிப் பெட்டியும் உடைய கனரக வண்டி 22 அடி நீளம். அந்நாட்டு வீடுகள் பலவற்றின் வண்டிக்கொட்டிலோ 20 அடி ஆழமே உடையது. கதவு மூடாத கொட்டிலின் முன் நின்று இடத்தை அளந்துகொண்டிருந்த கனவானொருவரை யானே கண்டிருக்கின்றேன். ஆண்டுக்கு ஒருமுறை பொருள் ஏற்றிச் செல்ல வேண்டுமாயின் பிக்கப்பும் டிரெயிலரும் நாள்வாடகைக்குக் கிடைக்கின்றன.

இத்துணைப் பேர் வேண்டாததை வாங்குவதற்கு மக்களின் ஆசையை மட்டுங் குறைகூறல் நீதியன்று, சட்டங்களும் கைகொடுத்திருக்கின்றன. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழியிறைச்சிக்குத் தீர்வை விதித்தமைக்கு மாறாக, 1964-இல் அமெரிக்கர் அயல்நாட்டு டிரக்குகளின்மேல் நூற்றுக்கு இருபத்தைந்து தீர்வை விதித்தனர். கோழிப்பூசல் ஓய்ந்து பல்லாண்டு ஆகியும் அத்தீர்வை நீங்கவில்லை. சிறிய அயல்நாட்டு டிரக்குகள் அந்நாட்டுச் சந்தையில் அருகியதற்கு அஃதொரு காரணம். 1975-இல் எண்ணெய்ச் சிக்கனத்திற்கு விதி செய்தபோது டிரக்குகளுக்குத் தனியே இளகிய அளவு கிடைத்தது. 8,500 ராத்தலுக்கு மேற்பட்ட எடைவரம்புடைய பிக்கப்புகளுக்கோ, கலன் ஒன்றுக்கு எத்தனை மைல் செல்லும் என்னும் சீட்டைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டுவதே இல்லை. மிகுதியாய்க் குடிப்பவன் கணக்கை மட்டும் மறைத்து வைப்பது என்ன நியாயமோ!

பாரம் இழுப்போர் வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் டிரெயிலரோடு செல்லும் வண்டிக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் எல்லை. தக்க சான்று பெற்றதற்கு நூறு. அங்கே சாதாரண மோட்டார் வண்டிகளே சிறு வீட்டு டிரெயிலர்களை இழுக்கின்றன. அமெரிக்காவிலும் கலிபோர்னியாவில் டிரெயிலர் இழுப்போர்க்கு 55 மைலே எல்லை. பிற ராஜ்யங்கள் பலவற்றில் 70 மைலிலும் அதற்கு மேலும் பறக்கின்றனர்; அவர்தம் டிரெயிலர்ச் சக்கரங்களிற் பல 65 மைலுக்கே செய்யப்பட்டவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தால் வளர்வது. தனியே செல்லும்போது கலனுக்கு 20 மைல் ஓடிய வண்டி டிரெயிலரோடு அதிற் பாதியே ஓடுவதற்கு எடையினும் காற்றே பெருங்காரணம். 2022-இல் வெளிவந்த மின்சாரப் பிக்கப்புகள் பெரிய டிரெயிலரைப் பூட்டியதும் ஒரு மின்னேற்றத்திற் செல்லும் தூரத்திற் பாதியை இழந்ததும் இக்காரணத்தாலேயே. பத்து மைல் வேகத்தைக் குறைப்பின், பலர்க்கு அடுத்த பெரிய வண்டி வேண்டுவதில்லை.

கலிபோர்னியாவார் 10,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிரெயிலரை இழுப்பதற்குத் தனி லைசென்ஸ் கேட்கின்றனர். பிற ராஜ்யங்களிற் பல கேட்பதில்லை. பிரிட்டனிலும் முன்னே இருந்த தனித்தேர்வை 2021 டிசம்பரில் நீக்கிவிட்டனர். அது தவறென்பதே என் கருத்து. தேர்வு வைக்க அரசாங்கத்தார்க்கு மனமில்லையாயின், இன்னும் எளியதொன்று செய்யலாம். டிரெயிலரைப் பதிவு செய்ய வருவோன், அதனை இழுக்கப்போகும் வண்டியோடு பூட்டி, குடும்பத்தையும் ஏற்றி, ஒருமுறை எடைமேடையில் நிறுத்துப் பெற்ற சீட்டைக் கதவுச் சீட்டின் எண்ணோடு சேர்த்துக் காட்டக் கடவன் என்று விதிக்கலாம். லாரிகள் தங்குமிடந்தோறும் அம்மேடை இருக்கின்றது. அதற்காகுஞ் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு.

அயல்வீட்டு ஆசிரியர் தம் டிரக்கை மாற்றவில்லை. டிரெயிலரை விற்றுவிட்டு, பாரம் ஏற்றிய பின் 4,500 ராத்தலுக்கு உட்பட்டதொன்றை வாங்கினார். அடுத்த கோடையில் அதே சுரங்கவழியாக மீண்டுஞ் சென்றோம். சுரங்கத்தைக் கடக்குமுன்னரே கியரைத் தாழ்த்திக்கொண்டு, வலப்புறத்து ஓரத்தில், லாரிகளின் பின்னே லாரியாய் மெல்ல இறங்கினார். சரளை நிரப்பிய ஏற்றப்பாதையைக் கடந்தபோது யாரும் அதனை நோக்கவில்லை. பின்னிருக்கையில் அவர் மனைவியார் சில்வர்தார்ன் வரும்வரையிற் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்.